உள்ளங்கையில் ஒரு புகைவண்டி

நம் மேசைமீது ஒரு நீராவி எஞ்சின் நிற்கின்றது. நீளம் அரைச் சாண். அகலம் இரு விரற்கடைக்கும் குறைவு. கொதிகலன் உண்டு, புகைபோக்கி உண்டு, ஓட்டுநர் நிற்கும் அறையும், அதன் பின்னே நிலக்கரித் தொட்டியும் உண்டு. பக்கத் தகடுகளின் ஓரமாகக் கடுகினும் மிகச் சிறிய தறையாணித் தலைகள் வரிசை பிசகாமல் அணிவகுத்து நிற்கின்றன. பெயர்ப் பலகையிலோ மூன்றே ஆங்கில எழுத்துக்கள்: 'லூ'.

இதைக் கட்டி முடிக்க நமக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. பகலில் பிழைப்பு, இரவில் உணவு முடிந்து, வீட்டார் உறங்கச் சென்றபின் கிடைத்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரமே இதற்கு. "கண்ணைக் கெடுத்துக்கொள்கிறீர்களே!" என்று நம் இல்லத்தரசி கடிந்துகொண்டதும் உண்டு. இல்லம் வந்த நண்பர் ஒருவர் எஞ்சினை இரண்டு விரல்களால் தூக்கிப் பார்த்து, "ஒரு பொம்மைக்கா இத்தனை பாடு?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வி நியாயமானதே. அன்று அவருக்கு விடை சொல்ல நம்மால் இயலவில்லை. பின்னர் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்த விடையை நமக்கே கற்பித்தது. அதை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம். ஆனால் அதற்கு முன், 'லூ' என்பது எது, அது எங்கே ஓடிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

குறுகிய பாதையின் கதை

நம் நாட்டில் இருப்புப்பாதைகள் பல அகலங்களில் இடப்பட்டன என்பதை அறிவோம். சென்னையிலிருந்து தில்லி செல்லும் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர் இடைவெளி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைவண்டியின் பாதை 1000 மி.மீ. டார்ஜிலிங் மலைப்பாதையோ 610 மி.மீ., அதாவது இரண்டே அடி. ஒரு சிறுவன் தன் இரு கால்களையும் இரு தண்டவாளங்கள்மீது வைத்து எளிதாக நின்றுவிடலாம்!

ஏன் இத்தனை குறுகல்? மலைப்பகுதியில் பாதை வளைந்து வளைந்தே செல்ல வேண்டும். அகலம் குறைந்த பாதை கூரிய வளைவுகளிலும் திரும்பும், குடைய வேண்டிய பாறை குறையும், கட்ட வேண்டிய பாலம் சிறுக்கும், செலவும் அடங்கும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1836-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபெஸ்டினியோக் இருப்புப்பாதையின் அகலம் 597 மி.மீ. மட்டுமே. மலையில் வெட்டிய சிலேட்டுக் கற்களைத் துறைமுகத்துக்குக் கொணர்வதற்காக அது அமைக்கப்பட்டது. பளு ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கின. வெற்று வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் சென்றன. இறங்கும்போது அக்குதிரைகளும் தமக்கென அமைந்த வண்டியில் நின்றபடியே சவாரி செய்து வந்தன! 1863-இல் அப்பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. இவ்வளவு குறுகிய பாதையிலும் நீராவி எஞ்சின் நன்கு உழைக்கும் என்பதை உலகம் அங்கே கண்டது.

அதே 597 மி.மீ. அகலத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியிலும் ஒரு பாதை பிறந்தது. பார்ன்ஸ்டபிள் என்னும் நகரிலிருந்து, கடலோரக் குன்றின்மேல் அமர்ந்த லின்டன் என்னும் சிற்றூர்வரை, குன்றுகளைச் சுற்றிச் சுற்றிச் சென்ற அப்பாதையின் நீளம் சுமார் 31 கிலோமீட்டர். அதை முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் நியூன்ஸ் என்னும் பத்திரிகை அதிபர்; ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை வெளியிட்ட 'ஸ்டிராண்ட்' இதழ் அவருடையதே. 1898-ஆம் ஆண்டு மே மாதம் பாதை திறக்கப்பட்டது.

ஐந்து நதிகள், ஐந்து எஞ்சின்கள்

அப்பாதைக்காக லீட்ஸ் நகரின் மேனிங் வார்டில் நிறுவனம் மூன்று எஞ்சின்களைக் கட்டித் தந்தது. அவற்றுக்கு யோ, எக்ஸ், டா என்று டெவன் பகுதியில் பாயும் நதிகளின் பெயர்களையே சூட்டினர். ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொன்றும் மூன்றே எழுத்து. நான்காவதாக ஒன்று தேவைப்பட்டபோது, இங்கிலாந்தின் பொறியியல் தொழிற்சாலைகளில் தொழில் தகராறு மூண்டிருந்தது. எனவே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்த பால்ட்வின் நிறுவனத்திடம் அந்த எஞ்சின் வாங்கப்பட்டது. அதன் பெயர் லின். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1925-இல், மேனிங் வார்டில் நிறுவனம் இன்னும் ஒன்றைக் கட்டியது. அந்தக் கடைக்குட்டியே 'லூ'. அதற்குள் அந்தச் சிறு பாதை, தெற்கு இரயில்வே என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்கு 1923-இலேயே மாறியிருந்தது.

ஆனால் காலம் மாறிற்று. மோட்டார் வண்டிகள் பெருகின. பத்தொன்பது மைல் செல்ல ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் குட்டி இரயிலுக்காகக் காத்திருக்க மக்களுக்குப் பொறுமையில்லை. பாதையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதை எதிர்க்கும் கூட்டம் ஒன்று பார்ன்ஸ்டபிளில் கூடிற்று. அதற்கு லின்டனிலிருந்து வந்தவர்களே இரயிலில் வராமல் மோட்டார் காரில் வந்து இறங்கினார்களாம்! வேண்டும் வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுக் காலால் கைவிட்டுவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போலும்.

1935 செப்டம்பர் 29-ஆம் நாள் கடைசி வண்டி ஓடிற்று. மறுநாள் பார்ன்ஸ்டபிள் நிலையத்தில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் அனுப்பிய மலர்வளையம் வைக்கப்பட்டது. அதில் இருந்த வாசகத்தின் கருத்து: இது ஒருவேளை இறந்துவிடவில்லை, உறங்குகின்றது என்பதே. யாயீரின் மகளைக் குறித்து நம் ஆண்டவர் உரைத்த சொற்களை அதில் கேளாத கிறிஸ்தவர் இருக்க முடியாது.

எனினும், அந்த ஆண்டு நவம்பரிலேயே எல்லாம் ஏலத்துக்கு வந்தன. யோ, எக்ஸ், டா, லின் ஆகிய நான்கும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. 'லூ' மட்டும் சில மாதங்கள் பிழைத்திருந்தது. எதற்காக? தான் ஓடிய பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுக்கும் வேலைக்காக! அந்தத் துயரமான பணி முடிந்தபின், 1936-இன் பிற்பகுதியில், அது கப்பலேறி பிரேசில் நாட்டின் பெர்னாம்புக்கோவுக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் அதன் கதி என்ன என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை கிடைக்கவில்லை. கரும்புத் தோட்டத்தில் உழைத்ததோ, எங்கேனும் துருப்பிடித்து மண்ணாயிற்றோ, தேடியவர் எவரும் கண்டாரில்லை.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1951-இல், வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்னும் மற்றொரு குறுகிய பாதைக்கும் இதே முடிவு நெருங்கிற்று. ஆனால் இம்முறை பொதுமக்களே தொண்டர்களாக முன்வந்து அதை ஏற்று நடத்தினர். தொண்டர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் இருப்புப்பாதை உலகில் அதுவே. அங்குத் தொண்டாற்றியவர்களுள் ஒருவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவரான ஆட்ரி. நம் குழந்தைகள் தொலைக்காட்சியில் கண்டு களிக்கும் 'தாமஸ்' எஞ்சினைப் படைத்தவர் அவரே. மாதிரி இரயில்கள் அமைப்பதிலும் பெரும் ஆர்வம் உடையவர்.

டாலிலினுக்குக் கிடைத்த தொண்டர்கள் 'லூ'வுக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் கிடைத்தவை சில புகைப்படங்களும், சில வரைபடங்களும், பின்னாளில் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதிரி செய்தவர்களின் விரல்களுமே.

ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர்

மாதிரி எஞ்சின் செய்வதற்கு முதல் நிபந்தனை அளவு. பிரிட்டனில் பெருவழக்காக உள்ள கணக்கு, உண்மையான ஓர் அடிக்கு மாதிரியில் 4 மி.மீ. என்பது. ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் 24 மி.மீ. உயரமுள்ள உருவம் ஆவான். 'லூ'வின் ஓட்டுச்சக்கரங்கள் உண்மையில் 2 அடி 9 அங்குல விட்டமுடையவை. மாதிரியில் அவை 11 மி.மீ. ஓர் அங்குலம் என்பது ஒரு மி.மீ.-இல் மூன்றில் ஒரு பங்கு. தலைமுடி நான்கைந்தை அடுக்கினால் அந்தப் பருமன் வந்துவிடும்!

அந்தக் கணக்கில் குறுகிய பாதைக்குத் தண்டவாளம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? 1950-களில் எடின்பரோ நகரின் ஹேன்காக் என்பவர் இவ்வகை மாதிரிகளுக்கு வழிகாட்டியாக விளங்கினார். அப்போது எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆர்னால்டு நிறுவனம் 9 மி.மீ. பாதையில் ஓடும் மிகச் சிறிய இரயில்களை விற்பனைக்குக் கொணர்ந்தது. உடனே ஆர்வலர்கள் ஒரு வழி கண்டனர். அந்தச் சிறு இரயிலின் மோட்டாரையும் சக்கரங்களையும் எடுத்து, அதன்மேல் பெரிய அளவில் செய்த எஞ்சின் உடலைப் பொருத்தினர். பாதை சிறிது, வண்டி பெரிது. குறுகிய பாதை இரயில் பிறந்துவிட்டது! இவ்வகைக்குப் பூச்சியம்-பூச்சியம்-ஒன்பது என்று பெயர். இதன் ஆர்வலர்கள் 1973-இல் பிரிட்டனில் தமக்கென ஒரு சங்கமும் கண்டனர்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூற வேண்டும். 9 மி.மீ. என்பது இந்தக் கணக்கின்படி 2 அடி 3 அங்குலத்துக்கு இணை. மேலே சொன்ன டாலிலின் பாதையின் அகலம் மிகச் சரியாக அதுவே. ஆனால் 'லூ' ஓடிய பாதைக்குக் கணக்குப் பார்த்தால் 7.8 மி.மீ.தான் வரும். ஆக, ஒரு மி.மீ.-க்கும் மேலாக அகலம் கூடிய பாதைமீதே நம் 'லூ' நிற்கின்றது. எல்லாவற்றையும் உள்ளது உள்ளவாறே செய்ய இயலாது. எங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த 31 கிலோமீட்டர்ப் பாதை முழுவதையும் இதே அளவில் அமைக்க வேண்டுமானால் 400 மீட்டர் நீளமுள்ள கூடம் தேவைப்படும்! அதனால்தான் ஆர்வலர்கள் ஒரு நிலையத்தையோ, ஒரு பாலத்தையோ, ஓர் எஞ்சினையோ மட்டும் தேர்ந்துகொள்கின்றனர்.

தகடு எஞ்சினாகும் விதம்

இங்கிலாந்தில் வாழும் உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது நமக்கென ஒரு தட்டையான பெட்டியைக் கொணர்ந்தார். திறந்து பார்த்தால் எஞ்சினைக் காணோம்! அஞ்சலட்டை போன்ற சில பித்தளைத் தகடுகள், சில வெண்ணிற வார்ப்புகள், சக்கரங்கள், ஒரு சிறு மோட்டார், ஒரு கத்தைக் காகிதம். அவ்வளவே.

அத்தகடுகளில் எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் கோலம்போல் வரையப்பட்டிருக்கும். தகட்டின்மேல் ஒளியால் மாறும் பூச்சு ஒன்றைப் பூசி, படத்தைப் பதித்து, ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் இடுவார்கள். பூச்சில்லாத இடத்தை அது அரித்துவிடும். முழுவதும் அரித்த இடம் வெட்டாகும். பாதி அரித்த இடம் மடிக்கும் கோடாகும். உறுப்பை மெல்ல அறுத்தெடுத்து, அரத்தால் ஓரத்தைத் தீட்டி, கோட்டின்மேல் மடித்தால் பெட்டி வடிவம் வந்துவிடும். கொதிகலனுக்கான தகட்டை மட்டும் ஓர் இரும்புக் கம்பியின்மேல் உருட்டி உருட்டி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் அது வட்டமாகாமல் முட்டையாகும்.

தறையாணிகளைச் செய்யும் விதம் விந்தையானது. தகட்டின் பின்புறத்தில் ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு சிறு குழி இருக்கும். மழுங்கிய ஊசி முனையை அக்குழியில் வைத்து அளவாக அழுத்தினால், முன்புறம் ஒரு புள்ளி புடைத்து எழும். அழுத்தம் குறைந்தால் ஆணி தெரியாது. மிகுந்தால் தகடு கிழியும். ஒன்றை மறந்து பெட்டியை மூடிவிட்டோமானால் பின்புறத்தை அடைய வழியே இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

இணைப்பதற்குச் சால்டரிங் என்னும் ஈயப்பற்று. பரப்பு மாசற்றிருந்தால் உருகிய ஈயம் தண்ணீர்போல் இடுக்கில் ஓடிச் சென்று பிடித்துக்கொள்ளும். விரல் பட்ட எண்ணெய் இருந்தாலே போதும், உருண்டையாகத் திரண்டு ஒட்ட மறுக்கும். பித்தளைக்குப் பயன்படும் சாதாரணப் பற்று 183 முதல் 188 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். வெண்ணிற வார்ப்புகளோ அவ்வெப்பத்தைத் தாங்காத கலவை உலோகத்தால் ஆனவை. அவற்றுக்கென 70 பாகையிலேயே உருகும் தனிப்பற்று உண்டு. இதை அறிந்திருந்தும், ஓர் இரவு தூக்கக் கலக்கத்தில் சூடு மிகுந்த கோலைப் புகைபோக்கியின்மேல் வைத்துவிட்டோம். இமைக்கும் நேரத்தில் புகைபோக்கி ஒரு வெள்ளித் துளியாகி மேசையில் உருண்டது! புதியதொன்று தபாலில் வந்து சேர ஆறு வாரங்கள் ஆயின. பிழை நம்முடையது, யாரை நோவது?

இனி, உயிர்நாடியான பகுதி சக்கரங்கள். நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்து இணைப்புத்தண்டு மேலே இருக்கும்போது மறுபக்கத்துத் தண்டு கால்வட்டம் விலகி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால், உருளையின் கோடியில் இரண்டும் ஒருங்கே செயலிழந்து எஞ்சின் கிளம்பாமல் நின்றுவிடக்கூடும். மாதிரியில் நீராவி இல்லை. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளம் வழியே சக்கரங்களுக்கு ஏறி மோட்டாரை இயக்குகின்றது. எனினும் அந்தக் கால்வட்டக் கணக்கு இங்கும் தப்பக்கூடாது. மூன்று அச்சுகளில் ஒன்று இம்மியளவு பிசகினாலும் தண்டு இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வண்டி நொண்டும். நம் 'லூ' பதினோரு முறை நொண்டிற்று. பன்னிரண்டாம் முறை தாளில் வைத்த பந்துபோல் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. அன்றிரவு நாம் உறங்கவில்லை!

இவ்வளவு இலேசான வண்டி தண்டவாளத்தை அழுத்தாது. அழுத்தாவிட்டால் மின்சாரம் ஏறாது. ஆகவே தண்ணீர்த் தொட்டிகளுக்குள் ஈயத்துண்டுகளை நிரப்ப வேண்டும். ஓட்டும்போதும் நிதானம் தேவை. மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டியின் மாதிரி, விநாடிக்கு ஒன்பது சென்டிமீட்டர் மட்டுமே நகர வேண்டும். ஊர்ந்தால்தான் அது மலைவண்டி. பறந்தால் வெறும் விளையாட்டுச் சாமான்.

இந்நாளில் கணினியில் வரைந்த உறுப்பை அடுக்கடுக்காகப் பிசினால் படைத்துத் தரும் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் வந்துவிட்டன. கட்டி முடித்து வண்ணம் தீட்டிய சிறு எஞ்சின்களையும் விலைக்கு வாங்கலாம். அவை நேர்த்தியாகவே உள்ளன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தகட்டை மடித்துக் கட்டியவனுக்கு அந்த எஞ்சினின் ஒவ்வொரு மூலையும் தெரிந்திருக்கும். வாங்கியவனுக்கு அதன் விலை மட்டுமே தெரிந்திருக்கும்.

பேரனின் பூதக்கண்ணாடி

வண்ணமும் தீட்டியாயிற்று. தெற்கு இரயில்வேயின் பச்சை நிறம். அதன்மேல் பழைய எஞ்சினுக்கே உரிய புகைக்கரியும் எண்ணெய்க் கறையும் படிந்தாற்போல் மங்கலான பூச்சு. விடுமுறைக்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பேரன் அதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, இது நிஜமாகவே இருந்த எஞ்சினா?"

"ஆமாம் கண்ணு."

"இப்போது எங்கே இருக்கிறது?"

கப்பலேறிய கதையைச் சொன்னோம். எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது என்றோம். பையன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு நம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, நாம் வைத்திருந்த பழைய புகைப்படத்தையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினான். சற்றுநேரம் கழித்து அழைத்தான்.

"தாத்தா, இந்தப் பக்கத்தில் அடியிலே ஒரு வரிசை ஆணி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் காணோமே?"

எண்ணிப் பார்த்தோம். உண்மைதான். இடப்பக்கத் தகட்டின் அடிவரிசையை அழுத்த மறந்து பெட்டியை மூடியிருந்தோம். அதன்மேல் ஈயம் பற்றவைத்து, வண்ணம் பூசி, கறையும் படியச் செய்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன!

"அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். யார் வந்து எண்ணப்போகிறார்கள்?" என்றார் இல்லத்தரசி. நம் நலம் கருதிச் சொன்ன சொல்தான். நமக்கும் அதுவே சரி என்று பட்டது. பதினான்கு மாத உழைப்பு! வண்ணத்தைச் சுரண்டினால் மற்ற பகுதியும் பாழாகலாம். சுவரை நோக்கித் திருப்பி வைத்தோம்.

ஆனால் பேரன் விடவில்லை. அவன் சொன்னது இதுதான்: "நிஜ எஞ்சின் இருந்தால், தெரியாதவர்கள் அதைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதுதான் இல்லையே, தாத்தா!"

குழந்தையின் வாயிலிருந்து வந்த அச்சொல்லில் நம் நண்பரின் கேள்விக்கு விடை இருந்தது. மூலம் இருக்கும்வரை நகல் வெறும் விளையாட்டு. நகலில் பிழையிருந்தால் மூலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மூலம் அழிந்தபின்னோ நகலே சாட்சியாகின்றது. சாட்சி சொல்ல நிற்பவன், எவரும் பாரார் என்பதற்காக ஒரு சொல்லை விழுங்கிவிடலாமா?

அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். இடப்பக்கத்தின் அடிப்பகுதியில் மட்டும் வண்ணத்தைக் கரைத்து நீக்கினோம். பின்புறமிருந்து அழுத்த இனி வழியில்லை. ஆனால் இத்தகைய தவறுக்கும் ஒரு பரிகாரம் உண்டு. மெல்லிய தாளில் பிசினால் ஆன நுண்புள்ளிகளை வரிசையாக ஒட்டி விற்கிறார்கள். தண்ணீரில் நனைத்து, வேண்டிய இடத்தில் நகர்த்திப் பதித்தால், காய்ந்ததும் ஆணித்தலைபோல் நிற்கும். நம் விரல்கள் நடுங்கின. பேரனின் விரல்கள் நடுங்கவில்லை. ஊசிமுனையால் அவன் நகர்த்த, நாம் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டோம். அந்த ஒரு வரிசைக்கு மூன்று மாலைகள் ஆயின. மீண்டும் பச்சை, மீண்டும் புகைக்கறை. இப்போது 'லூ' எந்தப் பக்கமும் திரும்பி நிற்கலாம்.

உறங்கியது விழித்தது

அந்த மலர்வளைய வாசகம் பொய்யாகவில்லை என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும். 1979-இல் அப்பாதையின் அன்பர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1995-இல் வுடி பே என்னும் பழைய நிலையம் அவர்கள் வசமாயிற்று. 2004-இல், மூடப்பட்டு அறுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், அங்கிருந்து சிறிது தூரத்துக்குப் பயணிகள் வண்டி மீண்டும் ஓடிற்று. 2010-இல் ஃபெஸ்டினியோக் பாதையின் பணிமனையில் 'லூ'வின் அமைப்பைப் பின்பற்றி முழு அளவில் ஒரு புதிய நீராவி எஞ்சின் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கும் டெவன் நதி ஒன்றின் மூன்றெழுத்துப் பெயரே: 'லிட்'.

எஞ்சினே இல்லாதபோது எஞ்சினை மீண்டும் கட்ட எப்படி முடிந்தது? யாரோ வரைபடத்தைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். யாரோ புகைப்படத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தார்கள். பிழைப்புக்கு உதவாத இந்த விவரங்களை, உதவாதவை என்று எறிந்துவிடாத மனிதர்கள் சிலர் இருந்தார்கள். அவ்வளவே.

நம் இல்லத்துப் பிள்ளைகளுடன் இத்தகைய முயற்சியில் இறங்க விரும்பும் பெற்றோருக்கு ஒரு சொல். பித்தளையும் ஈயப்பற்றும் பிறகு இருக்கட்டும். ஈயத்தின் புகையும், பற்றுவைக்கும் திரவத்தின் ஆவியும் தீங்கானவை. காற்றோட்டமான இடமும், வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதலும், பெரியவர் துணையும் கட்டாயம் வேண்டும். முதலில் பழைய திருமண அழைப்பிதழ் அட்டை, கத்தரிக்கோல், பசை, ஓர் அளவுகோல் போதும். ஓர் அடிக்கு 4 மி.மீ. என்னும் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு உங்கள் வீட்டையே அளந்து செய்யச் சொல்லுங்கள். அல்லது, விரைவில் இடிக்கப்படவிருக்கும் தாத்தாவின் ஓட்டு வீட்டை. வாசற்படி எத்தனை, திண்ணைத் தூண் எத்தனை, சன்னல் கம்பி எத்தனை என்று எண்ணும்போதுதான், அத்தனை ஆண்டுகள் அதற்குள் வாழ்ந்தும் நாம் அதைப் பார்த்ததேயில்லை என்பது விளங்கும்.

மறுமுறை அந்த நண்பர் வந்தபோது பேரன் வீட்டில் இருந்தான். அவர் எஞ்சினை எடுப்பதற்குமுன் அவனே எடுத்து, இடப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, பூதக்கண்ணாடியையும் நீட்டினான்.

"மாமா, எண்ணிப் பாருங்கள்" என்றான்.

அவர் கண்ணாடியை வாங்கி, குனிந்து, எண்ணத் தொடங்கினார்.